சூடு என்றால் பார் என்றும் பொருள்

ஐயா அல்லது அம்மையீர்,

வணக்கம். காரின் கையேட்டைத் தேடிப் பையைத் திறந்த தாங்கள், அதனோடு இந்தக் கையெழுத்துத் தாள்களும் இருப்பதைக் கண்டு வியந்திருக்கலாம். இக்காரின் உரிமையாளரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் மருத்துவம் பார்ப்பவருமான டாக்டர் மெர்சி அம்மையார் கேட்டுக்கொண்டதன்பேரில் இதை எழுதுகிறேன். "அடுத்தால இந்த எஞ்சினைத் திறக்கிறவங்களுக்கு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியணும் அய்யா. ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, போதும்" என்றார்கள். ஒரு பக்கம் எழுதவே அமர்ந்தேன். ஆனால் அன்று நடந்ததைச் சொல்ல, அதற்கு முன் நடந்த இரண்டைச் சொல்ல வேண்டியதாயிற்று. நீளத்தைப் பொறுத்தருள்க.

என் பெயர் சங்கரலிங்கம். வயது எழுபத்திரண்டு. பிறந்தது ராஜபாளையத்தை அடுத்த சோழபுரம். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பத்தொன்பதாம் வயதில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் ஜெனரேட்டர் அறையில் எண்ணெய் விடும் ஆளாகச் சேர்ந்தேன். அங்கே பதினான்கு ஆண்டுகள். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து முப்பத்து மூன்று ஆண்டுகள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதனை, என்னோடு இருபது ஆண்டு வேலை பார்த்த செல்லத்துரையிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். தொழிலைக் கற்ற காலத்தைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. எல்லோரும் கற்பது போலவே கையைச் சுட்டுக்கொண்டும் கடிந்துரை கேட்டும் கற்றேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

எங்கள் போர்மேன் வெங்கட்ராஜா அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுபவர். ஆலையில் எங்களிடம் தமிழ்தான் பேசுவார். ஆனால் அவசரம் வந்தால் நாவில் தெலுங்கு முந்திக்கொள்ளும். முழுக்கை வெள்ளைச் சட்டையோடு எஞ்சின் அறைக்குள் வந்து, அதே வெள்ளையோடு வெளியே போகும் மனிதரை அவருக்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. சட்டைப் பையில் எப்பொழுதும் ஒரு வெள்ளைத் துணி இருக்கும். நான்கு ஓரமும் மடித்துத் தைத்தது. எண்ணெயில் இரு விரலைத் தோய்த்து, தேய்த்து, முகர்ந்து, அத்துணியில் துடைத்து, துணியை வெளிச்சத்திற்குக் காட்டிப் பார்ப்பார். நாங்களெல்லாம் கை துடைப்பதற்கு ஆலையிலேயே மலிந்து கிடக்கும் கழிவு நூலைத்தான் எடுப்போம். அதற்கு எங்கள் ஊரில் 'வேஸ்ட்' என்றே பெயர். அவர் ஒருநாளும் அதனைத் தொட்டதில்லை. "மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குத்தான் கைக்குட்டை வேணும்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். கோபம் வந்தால் அவர் குரலை உயர்த்துவதில்லை. கையிலிருக்கும் ஸ்பேனரால் தரையை ஒருமுறை தட்டுவார். அவ்வளவே.

நான் சேர்ந்து மூன்று மாதமிருக்கும். ஒருநாள் காலை, ஓடாமல் நின்றிருந்த பெரிய ஜெனரேட்டரைச் சுட்டிக்காட்டி, "நூனெ சூடு" என்று சொல்லிவிட்டு மானேஜர் அறைக்கு விரைந்தார். நூனெ என்றால் எண்ணெய் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. சூடு எதற்குக் கேட்க வேண்டும்? அது நம் சொல்லாயிற்றே. எண்ணெயைச் சூடாக்கச் சொல்கிறார் என்று கொண்டேன். எப்படிச் சூடாக்குவது? எஞ்சினை ஓட்டினால் தானே சூடாகும். பிறர் செய்யக் கண்டிருந்தபடி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கைகட்டிப் பக்கத்தில் நின்றேன்.

இருபது நிமிடம் கழித்து, சத்தம் கேட்டு அவர் வேகமாக வந்தார்.

"ஏமிரா இதி! எவன்லே இதை ஓடவிட்டது?"

"நான்தான்யா."

"யாரு சொன்னா?"

"நீங்கதானய்யா எண்ணெயைச் சூடு பண்ணச் சொன்னிய."

அறையிலிருந்த மூத்த பிட்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார். தெலுங்கில் சூடு என்றால் 'பார்' என்று பொருளாம். எண்ணெயைப் பார் என்று சொன்னவருக்கு நான் எண்ணெயைக் காய்ச்சி வைத்திருந்தேன். வெங்கட்ராஜா ஸ்பேனரால் தரையைத் தட்டினார். வேலை போயிற்று என்றே எண்ணினேன்.

அவரோ எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சரி, அணைச்சிரு. காஞ்சது காஞ்சு போச்சு. செத்த நேரம் பொறுத்து, இப்பமே இறக்கு" என்றார்.

அதுவரை அந்த எஞ்சினின் எண்ணெயைக் குளிர்ந்த பின்னரே இறக்கும் வழக்கம் இருந்தது. அன்று வெதுவெதுப்பாக இறங்கிய எண்ணெய், தண்ணீர்போல் ஓடி வந்தது. அடியில் பல காலம் தங்கிக் கிடந்த கசடும் கலங்கி உடன் வந்தது. தட்டில் வெள்ளைப் பொட்டுகள்போல் ஏதோ மின்னின. அவர் விரலால் ஒன்றை எடுத்துத் தம் துணியில் வைத்தார். பேரிங்கின் உள்பூச்சு உரிந்து வந்திருந்தது. அன்றே எஞ்சினைத் திறந்தார்கள். இன்னும் சில நாள் ஓடியிருந்தால் உள்தண்டே கெட்டிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

மாலையில் என்னை அழைத்தார். "என் பாஷையிலயும் சூடு, உன் பாஷையிலயும் சூடு. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணு செய்யாத. காய வை, பொறவு பாரு" என்றார். இன்னொன்றும் சொன்னார். "எண்ணெய் இறங்கும்போது எவன்கிட்டயும் பேசாத. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவுல உன் பேரு, உங்கப்பன் பேரு, ஊரு மூணையும் சொல்லி முடிக்க முடிஞ்சா, அப்பம் மூடு." பதினான்கு ஆண்டில் அவர் எனக்குச் சொல்லித் தந்தவற்றுள் என்னோடு நிலைத்தது இவ்வளவே. இதுவே போதுமானதாகவும் இருந்தது.

இரண்டாவது நிகழ்ச்சியில் எனக்குப் பெருமையில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்த ஒர்க்‌ஷாப் வைத்து நான்காம் ஆண்டு. மறுநாள் கல்யாணத்துக்குச் சோழபுரத்திலிருந்து தேவதானத்துக்குப் பெண்வீட்டாரை ஏற்றிச் செல்ல வேண்டிய வேன் ஒன்று எண்ணெய் மாற்ற வந்தது. டிரைவருக்கு அவசரம், எனக்கும் அவசரம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்ததால் எஞ்சின் காயவில்லை. குளிர்ந்த எண்ணெயை இறக்கி, பாராமல் அப்படியே பீப்பாயில் கொட்டினேன். மறுநாள் காலை சேத்தூரைத் தாண்டியதும் எஞ்சின் இறுகி வண்டி நடுச்சாலையில் நின்றது. தகவல் வந்து நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது, மணப்பெண் உட்பட எல்லோரும் ஒரு டிராக்டரின் டிரெய்லரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அத்தை என்னைக் கண்டதும் இடுப்பில் கையூன்றி நின்றார்.

"ஏலே, நீ எண்ணெயை மாத்துனியா, எங்க முகூர்த்தத்தையே மாத்துனியா?"

முகூர்த்தம் தப்பவில்லை. எனினும் அந்தச் சொல் என்னைவிட்டு நீங்கவில்லை. பின்னர் அந்த எஞ்சினைத் திறந்தேன். பேரிங் நெடுநாளாகவே உரிந்து வந்திருக்கிறது. முந்தின நாள் நான் காய வைத்துப் பார்த்திருந்தால் தட்டிலேயே அது தெரிந்திருக்கும். அதன் பிறகு என் கையால் இறக்கிய எண்ணெய் எதனையும் பாராமல் கொட்டியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன். எண்ணெயைப் பார்த்தேன். ஆனால் பார்க்க வேண்டியது எண்ணெய் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். அந்தப் பிழை இவ்வாண்டுதான் வெளிப்பட்டது.

இனி இக்காரின் கதை.

டாக்டரம்மா இக்காரை வாங்கி நான்கு மாதமாகியிருந்தது. சாலையில் நிதானமாக ஓட்டி எஞ்சினைப் பழக்கி, இரண்டாயிரம் கிலோமீட்டர் முடித்திருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயத் தடத்தில், பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரைப் பயிற்சியாளர் துணையோடு ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைத்திருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து அவர்கள் காத்திருந்த நாள் அது. "ரோட்டுல வேகமாப் போறது தப்பு அய்யா. அதுக்குன்னே கட்டியிருக்கிற இடத்துல போறேன்" என்று என்னிடம் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

புதுக் காரில் அவ்வளவு சீக்கிரம் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை என்று விற்பனை நிலையத்தார் சொல்லியிருந்தனர். சாலையில் மட்டும் ஓட்டுவோருக்கு அது சரியே. ஆனால் புது எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு உராய்ந்து பழகும்போது எழும் தூள் முதல் எண்ணெயிலேயே தங்குகிறது. பந்தயத் தடத்தில் எண்ணெய் சாலையில் காய்வதைவிட அதிகம் காயும், வளைவுகளில் ஒருபக்கமாக ஒதுங்கவும் செய்யும். அப்பொழுது அதற்குள் தூள் இல்லாமலிருப்பது நல்லது. முன்கூட்டியே மாற்றுவதால் உத்தரவாதத்திற்குக் கேடுண்டா என்று விற்பனை நிலையத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். கேடில்லை, கையேட்டில் உள்ள எண்ணெயையே விட வேண்டும் என்றார்களாம்.

வெள்ளிக்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பிற்கு வந்தார்கள். அவர்களுக்காக நானும் அங்கே போயிருந்தேன். கார் தரையோடு தாழ்ந்திருந்ததால் எங்கள் ஜாக்கி அதனடியில் நுழையவில்லை. செல்லத்துரை இரண்டு பலகைகளைப் போட்டு முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றிய பின்னரே ஜாக்கி சென்றது. நான்கு புறமும் தாங்கி வைத்து, காரை மட்டமாக நிறுத்தினோம்.

எண்ணெய் டின்னைத் திறந்து பார்த்ததும் செல்லத்துரை முகம் சுளித்தான்.

"என்ன அண்ணாச்சி, தண்ணி மாதிரி இருக்கு? நம்மூரு வெயிலுக்கு இது தாங்குமா? கொஞ்சம் கெட்டியா ஊத்துவோம்."

"வெயிலு நம்மூருதுதான். எஞ்சினு நம்மூருதா?" என்றேன். "கையேட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான்."

"எம்புட்டு நாளா இந்தப் பொஸ்தகத்து மேல உங்களுக்கு மரியாதை?"

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச நாளா."

டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள்.

எஞ்சினைச் செத்த நேரம் ஓடவிட்டு அணைத்தோம். கொதிக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும் என்பதால் கால் மணி நேரம் பொறுத்தோம். வெதுவெதுப்பு நின்றிருக்கும்போதே காரின் அடியை மூடியிருந்த தகட்டைக் கழற்றினோம். செல்லத்துரை தட்டை நன்றாகத் துடைத்து அடியில் வைத்துத் திருகாணியைத் திறந்தான். எண்ணெய் தடித்த கயிறுபோல் இறங்கியது. நான் வாய் மேல் விரல் வைத்தேன். மூவரும் பேசாமல் நின்றோம். கயிறு நூலாகி, நூல் சொட்டாயிற்று. போர்மேன் சொன்ன கணக்கை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"மெர்சி, தங்கராஜ் மகள், ஸ்ரீவில்லிபுத்தூர்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். சொட்டு முந்திக்கொண்டது. "என் படிப்பையும் சேத்துக்கலாமா அய்யா?"

"அதைச் சேத்தா இன்னைக்கு மூட முடியாதும்மா."

எண்ணெய்த் தட்டை வெயிலில் வைத்துப் பார்த்தோம். கருத்த எண்ணெயினுள் வெள்ளி தூவியதுபோல் மினுமினுத்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. அது பழகும் எஞ்சினின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை என்று நான் தேற்றினேன். காந்தத்தை ஒரு காகிதத்தில் சுற்றி எண்ணெயில் இழுத்தேன். எதிர்பார்த்தபடியே நரைமீசைபோல் இரும்புத் தூள் ஒட்டியது. அதன் நடுவில் எதிர்பாராத ஒன்று நின்றது.

அரிசிக் குருணையைவிடச் சற்றுப் பெரிது. பிறைபோல் வளைந்த எஃகுத் துண்டு. ஒரு முனை உடைந்திருந்தது.

செல்லத்துரை எட்டிப் பார்த்தான். "போச்சு அண்ணாச்சி. உள்ள ஏதோ கிளிப்பு ஒடிஞ்சிருக்கு."

வெங்கட்ராஜாவின் துணியில் கண்ட வெள்ளைப் பொட்டு நினைவுக்கு வந்தது. சேத்தூர்ச் சாலையில் நின்ற வேனும் வந்தது. அந்த வேன் மெதுவாகப் போனது, நின்றதோடு முடிந்தது. பந்தயத் தடத்தின் வேகத்தில் எஞ்சின் இறுகினால் சக்கரமும் இறுகும். அதன் பின் கார் ஓட்டுபவர் கையில் இராது.

டாக்டரம்மா கேட்டார்கள். "இதோட நான் ஓட்டலாமா அய்யா?"

"எனக்குத் தெரியலம்மா."

"நீங்க சரின்னா போறேன். வேண்டாம்னா போகல. நாளைக்குக் காலையில கிளம்பணும். அதுக்குள்ள வேற யார்கிட்டயும் நான் கேக்கப் போறதில்ல."

என் நாற்பத்தேழு ஆண்டுத் தொழிலில் இவ்வளவு பாரமான சொல்லை யாரும் என்மேல் வைத்ததில்லை. வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிது. அவ்வாறு சொன்னால் என்மேல் பழி வராது. ஆனால் அறியாமல் சொல்லும் 'வேண்டாம்' என்பதும் பொய்தானே.

முதலில் எண்ணெயை வடிகட்டும் பில்டரைக் கழற்றி, அதன் மடிப்புக் காகிதத்தை அறுத்துப் பிரித்தோம். சாம்பல் நிறத் தூளும், பொருத்தும்போது வழிந்த பசையின் இரு துணுக்குகளும் இருந்தன. வேறு இரும்புத் துண்டு எதுவுமில்லை. செல்லத்துரை மகிழ்ந்தான். எனக்கு அது போதவில்லை. பெரிய துண்டு பில்டர்வரை போகாது, அடியிலேயே படுத்துக்கொள்ளும். ஆதலால் பில்டர் சுத்தமாயிருப்பது எதையும் மெய்ப்பிக்காது.

பிறைத் துண்டைப் பெட்ரோலில் கழுவி, வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்தேன். என் கண்ணாடிக்கு அதற்குமேல் தெரியவில்லை. டாக்டரம்மா காரிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார்கள். பல்லைப் பெரிதாகக் காட்டும், தலையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி அதிலிருந்தது. அதை அணிந்து, துண்டை இடுக்கியால் பிடித்து, நோயாளியின் வாயைப் பார்ப்பது போலவே பார்த்தார்கள்.

"ஒரு முனை உடைஞ்சிருக்கு. பழைய உடைசல் மாதிரி தெரியுது, மங்கிப் போயிருக்கு. அடுத்த முனை மழுங்கலா வளைச்சு விட்டிருக்காங்க." துண்டைத் திருப்பினார்கள். "உள்பக்கம் தேஞ்சிருக்கு அய்யா. சின்னதா ஒரு வாய்க்கால்."

"வாய்க்காலா?"

"ஆமா. நூல் ஓடின மாதிரி. பல்லுக்கு நடுவுல நூல் போட்டு ரொம்ப இழுத்து இழுத்துத் தேச்சா ஓரத்துல இப்படித்தான் விழும்."

அந்த 'நூல்' என்ற சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் வாங்கிப் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. எனினும் வாங்கிப் பார்த்தேன்.

ஆலையைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். நூல் சுற்றும் இயந்திரத்தில் சுழலும் தண்டாகிய ஒவ்வொரு கதிரைச் சுற்றியும் ஒரு வளையம் உண்டு. அவ்வளையத்தின்மேல் பாதி மூக்குவளையம் போன்ற ஒரு சிறு எஃகுக் கொக்கி பறந்து சுற்றும். அதனூடே சென்றுதான் நூல் கதிரில் ஏறும். டிராவலர் என்பார்கள். இரவும் பகலும் நூல் ஓடி ஓடி, மெல்லிய பஞ்சு நூலே அந்த எஃகை அறுத்து வாய்க்கால் போட்டுவிடும். தேய்ந்தவை தெறித்து விழும். ஆலைத் தொழிலாளியின் தலைமயிரிலும் செருப்பிலும் அவை இருக்கும். கழிவு நூலிலும் இருக்கும்.

இரும்பை நூல் அறுத்த தடம் எஞ்சினுக்குள் எப்படி வரும்? எந்த எஞ்சினுக்குள்ளும் நூல் ஓடுவதில்லை.

"ஏலே செல்லத்துரை, தட்டை எதைக் கொண்டு துடைச்ச?"

"வேஸ்ட் வச்சுத்தான் அண்ணாச்சி. எப்பமும் அதுதான்."

"அந்தக் கட்டைக் கொண்டா."

கழிவு நூல் கட்டைப் பிரித்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒவ்வொரு கற்றையாக உதறினோம். காந்தத்தையும் ஓட்டினோம். முழு டிராவலர்கள் இரண்டும் இன்னொரு உடைந்த துண்டும் கிடைத்தன. டாக்டரம்மா தம் கண்ணாடியால் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே தடிமன், அதே வளைவு, அதே வாய்க்கால்.

செல்லத்துரை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "நம்ம வீட்டுத் திருடனைப் பிடிக்க ஊரெல்லாம் தேடிட்டோமே."

அத்தோடும் நான் விடவில்லை. திருகாணித் துளையைத் திறந்தே வைத்து, புது எண்ணெயில் ஒரு பங்கை மேலிருந்து ஊற்றி, கழுவித் துடைத்த பீங்கான் தட்டில் ஓடி வரச் செய்தேன். அடியில் ஏதேனும் படுத்திருந்தால் அதோடு வரும். டாக்டரம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிறிதளவு தூள் வந்தது. துண்டு ஒன்றுமில்லை. மீண்டும் சொட்டு நிற்கும்வரை காத்திருந்தோம். இம்முறை அவர்களால் பெயர், தந்தை பெயர், ஊர் மூன்றையும் முழுமையாகச் சொல்ல முடிந்தது. படிப்பையும் சேர்த்துச் சொன்னார்கள்.

திருகாணிக்குப் புது வாஷர் இட்டு, கையேடு சொன்ன அளவுக்கு முறுக்கினோம். புது பில்டரின் ரப்பரில் எண்ணெய் தடவிப் பொருத்தினோம். எண்ணெய் விடும் வாயைத் துடைக்கச் செல்லத்துரை பழக்கத்தினால் கழிவு நூலை எடுத்தான். எடுத்த கை அந்தரத்தில் நின்றது. நான் என் தோள் துண்டைக் கொடுத்தேன். இக்காரில் எண்ணெய் அளக்கும் கோல் கிடையாது. எஞ்சின் காய்ந்தபின், கார் மட்டமாக நிற்கையில், திரைதான் அளவைச் சொல்கிறது. கோலைத் துடைத்துப் பார்த்தே வாழ்ந்தவனுக்கு இது முதலில் சங்கடமாக இருந்தது. ஆனால் திரை சொன்னது சரியாகவே இருந்தது. மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினோம். கோட்டைத் தாண்டவும் விடலாகாது.

"போயிட்டு வாங்கம்மா" என்றேன்.

"சரியா அய்யா?"

"சரி."

அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு அன்று நாங்கள் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிற்பகலில் தொலைபேசி ஒலித்தது. "அய்யா, பதினெட்டுச் சுத்து" என்று மட்டும் சொன்னார்கள். பிறகு சிரித்தார்கள். குரல் தொண்டையிலிருந்து வராமல் நெஞ்சிலிருந்து வருவது போலிருந்தது. "கூட இருந்த பயிற்சியாளர், யார்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டார். மதுரை ரோட்டுல மாட்டு வண்டியை முந்தித்தான்னு சொன்னேன்."

ஊர் திரும்பியதும் மறுபடியும் அதே வேலை. காய வைத்தோம், எண்ணெயை இறக்கினோம், பார்த்தோம். காந்தத்தில் மெல்லிய தூள் மட்டும். துண்டு எதுவுமில்லை.

அன்றுதான் ஒன்றை உணர்ந்தேன். அரை நூற்றாண்டுக்கு முன் வெங்கட்ராஜா அவர்கள் நான்கு ஓரமும் தைத்த வெள்ளைத் துணியால் விரல் துடைத்ததை நாங்கள் மாப்பிள்ளை மிடுக்கு என்று நினைத்தோம். பிரிந்து விழும் நூல் ஒன்றும், அதில் சிக்கிய இரும்பு ஒன்றும் எஞ்சினுக்குள் போகக்கூடாது என்பதற்காகவே அவர் அதை வைத்திருந்திருக்க வேண்டும். ஆலையில் இருந்துகொண்டே ஆலையின் கழிவை அவர் நம்பவில்லை. அவர் 'சூடு' என்று சொன்னபோது ஜெனரேட்டரை நோக்கிக் கை நீட்டினார். நான் எண்ணெயைப் பார்த்தேன். நீட்டிய கையை அவர் துடைக்கும் துணியைப் பார்க்கவில்லை. கழிவு நூலால் துடைக்கும் பழக்கத்தைச் செல்லத்துரைக்குக் கொடுத்தவனும் நானே. ஆகவே அன்றைய பிழை அவனுடையதன்று. என்னுடையது. இதை இங்கே எழுதி வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. யாருக்கும் தீங்கு நேராமல் எழுபத்திரண்டு வயதில் ஒரு பிழை வெளிப்படுவதும் பேறுதான்.

இப்பொழுது ஒர்க்‌ஷாப்பில் ஓரம் தைத்த வெள்ளைத் துணிகள் பன்னிரண்டு உள்ளன. தைத்துக் கொடுத்தவர் செல்லத்துரையின் மனைவி. "எஞ்சினுக்குக் கைக்குட்டையா? எனக்கு ஒண்ணு கேட்டா மட்டும் பிறகு பாப்போம்கிய" என்று அவர் கேட்டதாகச் செல்லத்துரை சொன்னான்.

ஐயா அல்லது அம்மையீர், இத்தாள்களோடு சிறு காகித உறையில் அந்தப் பிறைத் துண்டையும் இணைத்துள்ளேன். தாங்கள் இக்காரின் எண்ணெயை இறக்கும்போது தட்டில் ஏதேனும் துண்டு கண்டால் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்பக்கம் வாய்க்கால் இருந்தால் தங்கள் துணியைப் பாருங்கள். வாய்க்கால் இல்லையென்றால் எஞ்சினைத் திறந்து பார்க்காமல் 'சரி' என்று சொல்லாதீர்கள்.

கார் கை மாறினாலும் இத்தாள்களையும் உறையையும் கையேட்டோடு சேர்த்தே வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சங்கரலிங்கம்
ராஜபாளையம்